வலது ஓரத்துச் சென்சார்

கார் வாங்கியதும் நான் முதலில் தேடிப் போனது ரிவர்ஸ் சென்சார். பாகலூர் ரோட்டில் கார் சாமான்கள் விற்கும் ஒரு கடையில் அதைக் கேட்டேன். கடைக்காரர் எனக்குப் பின்னால் ஆண் துணை ஏதாவது வருகிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டு, “வண்டிய கொண்டாங்க மேடம், நம்ம ஆளு போட்டுத் தருவாரு” என்றார்.

“நானே போட்டுக்கறேன்.”

“பம்பர்ல ஓட்டை போடணும் மேடம். தோசைல ஓட்டை விழுந்தா மாவு ஊத்தி அடைச்சுக்கலாம். இதுல என்னத்த ஊத்துவீங்க?”

“தோசைதான் எனக்கு ஓட்டை இல்லாம வராது. இது வரும்.”

சிரித்துவிட்டார். பெட்டியை எடுத்து வைக்கும்போது, “ஓட்டைய காட்டி வாரண்டி கேக்கக் கூடாது” என்று மட்டும் சொன்னார்.

அவர் பயந்ததில் தப்பில்லை. என்னைத்தான் அவருக்குத் தெரியாது. ஓசூரில் கார்களுக்கு வயர் கட்டுகள் செய்து அனுப்பும் ஒரு கம்பெனியில் தரம் பார்ப்பது என் வேலை. நான் பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் பெட்டி வெளியே போகும். கண்ணை மூடினாலும் எந்த நிற வயர் எங்கே ஓடும் என்று எனக்குத் தெரியும். இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சம் கிடையாது. அப்பாவும் அம்மாவும் பள்ளிக்கூடத்துக்குள் போனது என்னைக் கொண்டுபோய்ச் சேர்க்கத்தான். அதற்கு முன்னால் எங்கள் பக்கத்தில் யாரும் போனதில்லை.

மற்ற சாமான்களையெல்லாம் விட்டுவிட்டு சென்சாரை முதலில் வாங்கியதற்குக் காரணம் உண்டு. அப்பா இறந்தது ரிவர்ஸில் வந்துகொண்டிருந்த ஒரு லாரியின் சக்கரத்தில்.

கிருஷ்ணகிரிக்கு வெளியே கிரானைட் அறுக்கும் ஒரு கம்பெனியில் அப்பாவும் அம்மாவும் வேலை செய்தார்கள். கல் ஏற்ற லாரி பின்னோக்கி வரும்போது ஒருவர் பக்கவாட்டில் நின்று அதன் பாடியைத் தட்டி டிரைவருக்குச் சைகை கொடுப்பார். இரண்டு தட்டு தட்டினால் வரலாம். ஓங்கி ஓர் அறை அறைந்தால் நிறுத்த வேண்டும். டிரைவர்கள் கண்ணாடியைவிட அந்தக் கையைத்தான் நம்புவார்கள். அன்றைக்குத் தட்டியது அம்மா. அப்பா சக்கரத்துக்குப் பின்னால் கட்டை கொடுக்கக் குனிந்திருந்தார். அம்மா நின்ற இடத்திலிருந்து அது தெரியவில்லை. நான் பிளஸ் டூ வகுப்பில் உட்கார்ந்திருந்தேன். பாதிப் பாடத்தில் வந்து என்னை அழைத்துக்கொண்டு போனார்கள்.

அம்மாவை யாரும் ஒரு வார்த்தை குற்றம் சொல்லவில்லை. யாராவது சொல்லியிருந்தால் அவள் அழுது தீர்த்திருப்பாள் என்று நினைக்கிறேன். சாமியார் வந்து கடைசி எண்ணெய் பூசி அவஸ்தைப்பூசுதல் கொடுப்பதற்குள் உயிர் போய்விட்டது என்பது அவளுக்கு இன்னொரு துக்கம். அப்பாவின் ஆத்துமா மோட்சத்துக்குப் போகாமல் உத்தரிக்கிற ஸ்தலத்தில் கிடக்கிறது, இன்னும் கரையேறவில்லை என்று நம்பினாள். ஒவ்வொரு கல்லறைத் திருநாளுக்கும் மெழுகுவத்தி ஏற்றிவிட்டுப் பேசாமல் நிற்பாள். வீட்டிலும் அப்பாவைப் பற்றிப் பேச்சே எடுப்பதில்லை. நின்றிருக்கும் ஆட்டோவுக்குப் பின்னால் கூடப் போகமாட்டாள். சுற்றிக்கொண்டு முன்பக்கமாக வருவாள்.

எனக்கு வேலை கிடைத்து மத்திகிரியில் வாடகைக்கு வந்த பிறகும் அப்படித்தான். பழைய வெள்ளைக் கார் ஒன்றை நான் ஓட்டிக்கொண்டு வந்து நிறுத்திய அன்று, முன்பக்கத்தில் மட்டும் சந்தனம் தொட்டு வைத்துச் சிலுவை போட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் வேலையை ஆரம்பித்தேன். பம்பரில் காகித டேப் ஒட்டி, தரையிலிருந்து உயரம் அளந்து, நான்கு இடங்களில் புள்ளி வைத்தேன். டிரில்லை அழுத்தியதும் பிளாஸ்டிக் சுருள் சுருளாகக் கழன்று விழுந்தது. வீட்டுக்காரம்மா மாடிப்படியில் உட்கார்ந்துகொண்டார். தெலுங்கு பேசுகிறவர், தமிழில் கிண்டல் செய்ய மட்டும் குறைவில்லை.

“ஏம்மா, நாளைக்குக் கல்யாணம் ஆனா மாப்பிள்ளை வந்து போட்டுக் குடுக்க மாட்டானா?”

“அவர் வர்ற வரைக்கும் நான் ரிவர்ஸே எடுக்காம முன்னாடியே போயிட்டு இருக்கணுமா அக்கா?”

“வாயப் பாரு இதுக்கு” என்று அம்மாவைப் பார்த்துச் சொன்னார். அம்மா எனக்குத் தண்ணீர்ச் செம்பை நீட்டினாள், காரின் முன்பக்கத்திலிருந்தே. நான் எழுந்து போய் வாங்கிக்கொண்டேன்.

டிக்கியின் ஓரத் தகட்டைக் கழற்றி, ரிவர்ஸ் விளக்குக்குப் போகும் வயரைச் சோதித்து, அதிலிருந்து கிளை பிரித்துச் சென்சாரை இயக்கும் சின்னப் பெட்டிக்குக் கொடுத்தேன். மூன்று சென்சார்கள் லேசாகப் போய் உட்கார்ந்தன. வலது ஓரத்தில் வயர் சிக்கிக்கொண்டது. காருக்கடியில் மல்லாந்து படுத்து வயரைக் கீழிருந்து இழுத்து, படுத்த நிலையிலேயே கையை வளைத்து அந்தச் சென்சாரை அழுத்தினேன். ‘டக்’கென்று மாட்டிக்கொண்டது.

சாவியைத் திருப்பி ரிவர்ஸ் கியர் போட்டேன். முன்னால் ஒட்டிய சின்னத் திரையில் சிவப்புக் கோடு ஏறியது. பீப், பீப், பீப். பின்னால் ஏதோ மிக அருகில் இருக்கிறதாம். கண்ணாடியில் பார்த்தேன். ஜல்லி கொட்டிய வாசல், திறந்த கேட், வெறும் தெரு. இறங்கிப் போய்ப் பார்த்தேன். ஒன்றுமில்லை. திரும்பவும் போட்டேன். திரும்பவும் அதே சத்தம்.

அம்மா வாசற்படிக்கு வந்திருந்தாள்.

“யாரு நிக்கறா?”

“யாரும் இல்லம்மா.”

“அது சொல்லுதே.”

“மிஷினும்மா. தப்பா சொல்லுது.”

“தப்பா சொல்றதுக்கா நீ காலைலேர்ந்து மண்ணுல படுத்துக் கெடந்த?”

சாவியைத் திருப்பி வண்டியை அணைத்தேன். மறுநாள் கம்பெனியின் சிமெண்ட் தரையில் ரிவர்ஸ் எடுத்தபோது சென்சார் வாயே திறக்கவில்லை. பின்னால் சுவர் நெருங்கியதும்தான் சரியாக அடித்தது. அங்கே ஒழுங்காக வேலை செய்கிறது, எங்கள் வாசலில் மட்டும் வெறும் இடத்தைக் காட்டி அடிக்கிறது. காரணம் இருக்கும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் அடுத்த நாள் காலை வெறும் தெருவை இரண்டு தடவை பார்த்துவிட்டுத்தான் கியரைத் தொட்டேன்.

பீப் என்றது. நான் கண்ணாடியைப் பார்ப்பதற்குள் அம்மா படியிறங்கி நடந்தாள். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக ஒரு வண்டியின் பின்பக்கத்துக்குப் போனாள். வலது ஓரமாக நின்று, யார் முகத்தையோ பார்ப்பதுபோல் கொஞ்சம் அண்ணாந்து, “நகருங்க. பாப்பா வேலைக்குப் போவணும்” என்றாள். பிறகு ஓரமாக ஒதுங்கி, என்னைப் பார்த்து வரச்சொல்லிக் கையை அசைத்தாள்.

நான் காரைப் பின்னால் எடுத்தேன். வாசல் பள்ளம், தெரு மேடு. ஜல்லியைத் தாண்டித் தாரில் ஏறியதும் சத்தம் நின்றது. அம்மா தலையை ஆட்டினாள், சொன்னதைக் கேட்டார் என்பதுபோல.

அதற்குப் பிறகு தினமும் இதுதான். முதலில் “நகருங்க” மட்டும். பிறகு வார்த்தை கூடியது. கதவுக் கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்கார்ந்திருக்கும் எனக்குப் பாதிதான் காதில் விழும். மோட்டார் போடாத வீட்டுக்காரம்மாவைப் பற்றி ஒரு நாள். மூட்டு வலி பற்றி ஒரு நாள். “உங்க பொண்ணு சாப்டாம ஓடுது, நீங்களாவது கேக்கக் கூடாதா” என்று ஒரு நாள். அவள் பேசி முடிக்கட்டும் என்று நான் ரிவர்ஸ் கியரிலேயே பிரேக்கை மிதித்தபடி காத்திருப்பேன். உள்ளே பீப் பீப் என்று அடித்துக்கொண்டே இருக்கும். அம்மா இப்போது நன்றாகத் தூங்கினாள். குழம்பில் மறுபடி ருசி வந்தது. அப்பாவுக்குப் பிடித்தது இது என்று சொல்லி ஒரு நாள் கீரை கடைந்தாள். அப்பாவுக்கு எது பிடிக்கும் என்று எனக்கு அவள் சொன்னதே இல்லை.

திரையில் எப்போதும் வலது கோடுதான் ஏறியது. படுத்துக்கொண்டு மாட்டிய சென்சார். அதன் பின்புறம் சின்னதாக ஓர் அம்புக்குறி உண்டு, அது மேலே பார்க்க வேண்டும். தலைகீழாக இருந்தால் தரையைப் பார்க்கும். வழுவழுப்பான சிமெண்ட்டை விட்டுவிடும், மேடேறும் ஜல்லியை ஆள் என்று சொல்லும். கழற்றித் திருப்பி மாட்டுவது தேநீர் ஆறுவதற்குள் முடிகிற வேலை. நான் செய்யவில்லை. அம்மா பேசிக்கொண்டிருந்தாள்.

அவள் சீக்கிரமே கோவிலுக்குப் போய்விட்ட ஒரு காலையில் நான் தனியாகக் காரை எடுத்தேன். பனி விழுந்து பின் கண்ணாடி வெளுத்திருந்தது. பீப் என்றது. எல்லாம் தெரிந்த நான், தரம் பார்த்துக் கையெழுத்துப் போடுகிற நான், “அப்பா” என்றேன். சொன்ன பிறகுதான் சொன்னது தெரிந்தது. கண்ணாடியைத் துடைத்துப் பார்க்கத் தைரியம் வரவில்லை. கண்ணை முன்னால் வைத்துக்கொண்டே பின்னால் எடுத்தேன்.

அந்தக் காலைக்குப் பிறகு எனக்கு அது பழகிவிட்டது. அடிக்கும், நான் எடுப்பேன். அடிக்காவிட்டால்தான் யோசித்திருப்பேன்.

ஒரு நாள் ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது. அம்மா பின்னால் போனாள், பேசினாள், குரல் நின்றது. ஒதுங்கிவிட்டாள் என்று நினைத்தேன். கண்ணாடியில் யாரும் இல்லை. திரையில் சிவப்பு, தினமும் இருக்கும் அதே சிவப்பு. கிளட்சை விட்டேன்.

காரின் உடம்பில் ஓங்கி ஓர் அறை விழுந்தது.

என் கால் தானாகப் பிரேக்கை மிதித்தது. இறங்கி ஓடினேன். அம்மா ஜல்லியில் ஒரு கையை ஊன்றி உட்கார்ந்திருந்தாள். செருப்பு வார் கழன்றிருக்கிறது, மாட்டக் குனிந்திருக்கிறாள். பம்பர் அவள் தோளைத் தொட்டுக்கொண்டிருந்தது. சென்சார் இன்னும் அடித்துக்கொண்டிருந்தது, இந்தத் தடவை சரியாக.

அவளைத் தூக்கி நிறுத்தினேன். அவள் கண்கள் பம்பரை விட்டு விலகவே இல்லை. அன்று நான் வேலைக்குப் போகவில்லை.

வெயில் ஏறியதும் ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு காருக்குப் பின்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். அம்மா வந்து நின்றாள்.

“என்னா பண்ற?”

“இதைத் தலைகீழா மாட்டிட்டேன்மா. தரையப் பாத்துட்டு ஆள்னு சொல்லிட்டிருந்துச்சு. திருப்பி வைக்கறேன்.”

அவள் குனிந்து அந்தச் சென்சாரைப் பார்த்தாள்.

“அப்ப அவரு?”

வயர்க் கட்டில் குறை இருந்தால் என்ன எழுத வேண்டும் என்று எனக்குத் தெரியும். அம்மாவின் முகத்தைப் பார்த்து என்ன சொல்வது என்று எந்த வகுப்பிலும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

“இது எப்பவும் அடிச்சா நான் எதுக்குமே நிக்க மாட்டேன்மா. இன்னிக்கு நின்னது அதனால இல்ல. நீ அறைஞ்சதால.”

அம்மா தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டாள். சிவந்திருந்தது.

“திருப்பு” என்றாள்.

திருப்பினேன். கியர் போட்டேன். திரை இருட்டாக, சத்தமில்லாமல் இருந்தது. “நில்லும்மா” என்றதும் அவள் பின்னால் வந்து நின்றாள்; அடித்தது. ஒதுங்கினாள், நின்றது. மறுபடி வந்தாள், அடித்தது. மறுபடி ஒதுங்கினாள். அப்புறம் அந்த வெறும் இடத்தைப் பார்த்துக்கொண்டு நெடுநேரம் நின்றாள். நான் இன்ஜினை அணைக்கவில்லை. அவள் நெற்றியிலும் மார்பிலும் சிலுவை போட்டுக்கொண்டாள்.

“போயிட்டாரு.”

“அம்மா, அது வந்து...”

“நான்தான் தெனமும் நகருங்க நகருங்கன்னு சொன்னேனே. அன்னிக்குச் சொல்ல முடியாதத. கேட்டுட்டாரு.”

அதற்கு மேல் நான் ஒன்றும் விளக்கவில்லை. அந்த வருஷம் கல்லறைத் திருநாளில் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு, அம்மா பக்கத்துக் கல்லறைக்காரர்களோடு சிரித்துப் பேசிக்கொண்டு நின்றாள். திரும்பும்போது வண்டிக்குப் பின்னால் நடந்து சுற்றி வந்து ஏறினாள். அவள் காத்திருந்தது முடிந்துவிட்டது.

என்னுடையதுதான் முடியவில்லை. ரிவர்ஸ் கியர் போட்டதும் திரை ஒன்றும் சொல்லாமல் இருக்கிறது. நான் போட்ட வயர், நான் திருப்பிய சென்சார், அது சொல்வது உண்மை, பின்னால் யாருமில்லை. அந்த அமைதியை மட்டும் என்னால் நம்ப முடிவதில்லை. ஹேண்ட் பிரேக்கைப் போட்டுவிட்டு இறங்கிவிடுகிறேன்.

போன வாரம் வீட்டுக்காரம்மா மாடியிலிருந்து கேட்டார்: “ஏம்மா, நீ போட்டது வேலை செய்யலியா?”

“நல்லா வேலை செய்யுது அக்கா.”

“அப்புறம் எதுக்குத் தெனமும் எறங்கிப் பாக்கற?”

நான் ஜல்லியில் முழங்காலிட்டு, சக்கரத்துக்குப் பின்னால் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.