முதல் சைட் விசிட்டுக்கு வந்த ஒரே ஆள்

மனை விற்கும் வேலையில் இன்று எனக்கு முதல் சைட் விசிட். விழுப்புரம் பஸ் ஸ்டாண்ட் வாசலில் கம்பெனி வேனோடு நின்றேன். நேற்றுவரை "கண்டிப்பா வர்றோம் மேடம்" என்றவர்களில் ஒருவரும் போனை எடுக்கவில்லை.

தேய்த்த வெள்ளைச் சட்டையில் ஒரு பெரியவர் மட்டும் வந்து ஜன்னல் ஓரம் உட்கார்ந்தார்.

திண்டிவனம் வரை அவருக்கும் காலி சீட்டுகளுக்கும் சேர்த்துப் பேசினேன். முதலில் குரல் நடுங்கியது. அவர் விடவில்லை. பட்டா யார் பேரில், தண்ணீர் உப்புக் கரிக்குமா, மழை பெய்தால் ரோடு தாங்குமா என்று கேட்டுக்கொண்டே வந்தார். மனைக் கல்லைக் காட்டும்போது எனக்கே என் குரல் பிடித்திருந்தது.

திரும்பும் முன் வேனிலேயே பிரியாணி சாப்பிட்டோம். மீதிப் பொட்டலங்கள் அப்படியே கிடந்தன.

"எந்த மனைங்க ஐயா புடிச்சிருக்கு?"

"எனக்கு எதுக்கும்மா மனை? வூட்டுக்காரி போனதுல இருந்து பேச ஆளில்ல. ஞாயித்துக்கெழமைன்னா எதனா ஒரு கம்பெனி வேன்ல ஏறிடுவேன். நீங்கதான் ஐயா ஐயான்னு பேசிக்கினே வர்றீங்க."

கோபம் வந்தது உண்மைதான். ஆனால் இந்த வேலையில் சேர்ந்ததிலிருந்து நான் பேசியதைக் கடைசிவரை கேட்ட ஒரே ஆளும் அவர்தான்.

"அடுத்த வாரமும் வர்ட்டாம்மா?" என்றார் இறங்கும்போது.

"வாங்க ஐயா."

ஆகவே நண்பர்களே, அடுத்த ஞாயிறும் வேன் உண்டு, பிரியாணி உண்டு. மனை வாங்கியே ஆக வேண்டும் என்றில்லை. ஜன்னல் சீட் மட்டும் ஐயாவுக்கு. மற்ற சீட்டெல்லாம் காலி, யார் யார் வர்றீங்க?