இரண்டு சிறுசு, ஒன்று பெருசு

ஜெயமங்கலத்துக்குத் தெற்கே எங்கள் ஊரில் யாரைப் பற்றிப் பேச்சு வந்தாலும் முதலில் எவ்வளவு நிலம் என்று கேட்பார்கள், அடுத்து எந்தக் கட்சி என்று கேட்பார்கள். ஞானதுரை மட்டும், அவன் இடுப்பில் என்ன கத்தி என்று கேட்பார். பல் வைத்த கத்தி என்று பதில் வந்தால், ஆள் பிழைத்துக்கொள்வான் என்பார். வழவழப்பான கத்தி என்றால், பாவம் என்று சொல்லி வேறு பேச்சுக்குப் போய்விடுவார்.

வாழைத்தார் ஏற்றித் தேனிக்குப் போகும் சரக்கு ஆட்டோ அவருடையது. சோறு போட்டது அந்த ஆட்டோ. ஆனால் அவர் பிறவி எடுத்தது மடக்குக் கத்தியின் பல்லை ஆராய்வதற்காக. வாழைத் தோட்டத்தில் எல்லார் இடுப்பிலும் ஒரு மடக்குக் கத்தி இருக்கும். முட்டுக்கம்பில் கட்டிய நைலான் கயிற்றை அறுக்க, சொட்டுநீர்க் குழாயை வெட்ட, மதியச் சோற்றுக்கு வெங்காயம் நறுக்க என்று எல்லாவற்றுக்கும் அதுதான். மற்றவர்களுக்கு அது கத்தி, அவருக்கு அது வேதம். சவாரி எந்தப் பக்கம் போனாலும் அந்த ஊர்க் கடையில் ஒரு கத்தி வாங்காமல் திரும்பமாட்டார். குமுளி போனால் இரண்டு கடை ஏறுவார்.

கேட்பவன் டீயைக் குடித்து முடிப்பதற்குள் பாடம் நடத்திவிடுவார். எலிப்பல் என்று ஒரு வகை. பொடிப்பொடியாக, நெருக்கமாக இருக்கும். ரொட்டிக்கு ஆகும், ஆனால் நைலான் கயிறு அதன் மேல் வழுக்கிக்கொண்டு ஓடும். அலைப்பல் இன்னொரு வகை. வளைவு வளைவாகக் குடைந்து, இரண்டு வளைவு சேரும் இடத்தில் கூராக நிற்கும். ஈரக் கயிற்றைக் கவ்வினால் விடாது. மூன்றாவது கலப்புப்பல். இரண்டு சிறுசு, ஒன்று பெருசு, மறுபடி இரண்டு சிறுசு. சிறுசு கிழித்துத் தொடங்கும், பெருசு இழுத்து முடிக்கும். சில கத்திகளில் நுனிவரை பல் போகும். சிலவற்றில் பிடியருகே பாதிக்குத்தான் பல், மீதி வழவழப்பு. எதுவானாலும் பல்லை ஒரு பக்கம் மட்டுமே குடைந்திருப்பார்கள், அதனால் வெட்டு ஒரு பக்கம் சாயும்.

இதுவரை சொன்னதெல்லாம் சரி. இதற்கு மேல் ஒரு விதியும் வைத்திருந்தார். மனிதனுக்குக் கைரேகை போல, கத்திக்குக் கத்தி பல் வேறு. இந்த விதியை அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ஒரு கடையில் ஒரு கத்திக்கு மேல் அவர் வாங்கியதில்லை. வாங்கியவற்றில் ஒன்றைப் போல் இன்னொன்று இருந்ததுமில்லை. ஆகவே விதி நிரூபணமாயிற்று.

மகள் ஏஞ்சலுக்கும் தங்கை மகன் அமல்ராஜுக்கும் நிச்சயம் நடந்தபோது, மாப்பிள்ளைக்கு மோதிரம் போட்டதும் மடியிலிருந்து ஒரு கத்தியை எடுத்தார். பாதி வழவழப்பு, பாதி கலப்புப்பல். இது மாதிரி இந்த மாவட்டத்திலேயே வேறு கிடையாது என்று சபைக்கு அறிவித்தார். எங்கள் பக்கத்தில் கத்தியைக் கைக்குக் கை கொடுப்பதில்லை. கீழே வைப்பார்கள், மற்றவர் எடுத்துக்கொள்வார். உறவு அறுந்துவிடும் என்று ஒரு பயம். அவர் மனைவி வியாகுலமேரி, கீழே வைத்துக் கொடுக்கும்படி காதோடு சொன்னாள். ஞானதுரை இரும்புக்கும் உறவுக்கும் சம்பந்தமில்லை என்பதைச் சுருக்கமாக, சாப்பாடு ஆறும்வரை விளக்கிவிட்டு, கையிலேயே கொடுத்தார். அமல்ராஜும் சிரித்துக்கொண்டே வாங்கினான்.

அமல்ராஜுக்குச் சொந்த ஊர் கடமலைக்குண்டு. எங்கள் ஊரில் அழகுமலையின் வாழைத் தோட்டத்தில் சொட்டுநீர் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு நாள் தண்ணீர் கடைசி வரிசைக்கு ஏறவில்லை. அழகுமலை அவனை டீக்கடை முன்னால் வைத்து வாய்க்கு வந்தபடி பேசி, இனி வராதே என்றார். இவனும் சும்மா வரவில்லை. நான் இல்லாமல் உங்கள் தோட்டத்தில் தண்ணீர் எப்படிப் பாய்கிறது என்று பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தான். சொன்னதை டீக்கடையே கேட்டது.

அடுத்த வாரம் ஒரு காலையில் அழகுமலை மோட்டார் போட்டால், தண்ணீர் முதல் வரிசையிலேயே குளம் கட்டி நின்றது. இரவோடு இரவாக யாரோ கறுப்புக் குழாய்களை வரிசை தவறாமல் அறுத்துப் போட்டிருந்தார்கள். சித்திரை வெயில், தார் தள்ளிய மரங்கள். ஊரே தோட்டத்தில் கூடியது. போலீசுக்குச் சொல்வதற்கு முன் ஞானதுரையைக் கூப்பிடலாம் என்று யாரோ சொன்னார்கள். வாழ்க்கையில் முதன்முறையாக அவரை ஒருவர் கேட்டு அழைக்கிறார்.

பிஷப் வருவது போல வந்தார். கண்ணாடியைத் துடைத்தார். அறுந்த குழாய்த் துண்டை வெயிலுக்குக் காட்டித் திருப்பினார். பிளாஸ்டிக்கில் பல் தடம் அச்சு வார்த்தது போல் விழுந்திருந்தது.

"ரெண்டு சிறுசு, ஒண்ணு பெருசு. கலப்புப்பல்லு," என்றார்.

அதோடு நிறுத்தியிருந்தால் அவர் சாதாரண மனிதர். ஆனால் கூட்டம் மூச்சுக் காட்டாமல் நின்றது, அத்தனை மௌனத்தை வீணாக்க அவருக்கு மனம் வரவில்லை.

"இந்தப் பல்லு இந்த ஊருல ஒரே ஒரு கத்தியிலதேன் இருக்கு."

அந்த வேளையில் கூட்டத்தில் நாலைந்து பேர் தோள் துண்டை எடுத்து இடுப்பில் சுற்றிக்கொண்டார்கள். தன் வாக்குக்குக் காட்டிய மரியாதை என்று ஞானதுரை எடுத்துக்கொண்டார்.

அழகுமலை, "யாரு கத்திண்ணே?" என்று கேட்ட பிறகுதான், அந்தக் கத்தியை யார் கையில் கொடுத்தோம் என்பது அவருக்கு உறைத்தது. அவர் வாயைத் திறக்கவும் வேண்டியிருக்கவில்லை. நிச்சயத்துக்கு வந்து சாப்பிட்டவர்கள்தான் அங்கே பாதிப்பேர்.

அமல்ராஜ் கூட்டத்திலேயே நின்றிருந்தான். முன்னால் வந்து, கத்தியைத் தானே எடுத்துக் காட்டினான்.

"நான் செய்யல மாமா. வேற கத்தியிலயும் இந்தப் பல்லு இருக்கலாம்ல? ஒரு வார்த்தை சொல்லுங்க."

இருக்கலாம் என்ற ஒரு சொல்தான் தேவைப்பட்டது. அந்தச் சொல்லுக்கு ஒரு பக்கம் மருமகன், மகளின் கல்யாணம். மறுபக்கம் விதி. ஞானதுரை கண்ணாடியைக் கழற்றினார்.

"இருக்காதுப்பா," என்றார்.

மருமகன் என்றும் பார்க்காமல் நியாயம் சொன்னார் என்று ஊர் அன்றைக்கு அவரை மெச்சியது. மெச்சிய கையோடு அமல்ராஜை அடித்தது. அறுத்த கை இதுதானே என்று வலது கையை வரப்புக் கல்லில் வைத்து மண்வெட்டிப் பிடியால் போட்டார்கள். பிறகு போலீஸ் வந்தது, வழக்கு வந்தது. ஜாமீனில் வந்தவன் கடமலைக்குண்டில் தாய் வீட்டில் முடங்கினான். கை எலும்பு கூடியது, ஆனால் கட்டைவிரல் மட்டும் மடங்குவதை நிறுத்திக்கொண்டது. தங்கை அண்ணன் வீட்டு வாசலில் நின்று மோதிரத்தைப் படியில் வைத்துவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் பஸ் ஏறினாள். ஏஞ்சல் அப்பாவோடு பேசுவதை விட்டாள். சோறு வைப்பாள், பேசமாட்டாள்.

ஆடி மாதம் தார் இறக்கிவிட்டுத் தேனியில் அல்லிநகரம் பக்கம் வந்தபோது, சாலையோரத் தள்ளுவண்டியில் ஞானதுரை அதைப் பார்த்தார். அட்டையில் வரிசையாகக் குத்தியிருந்த மடக்குக் கத்திகள். ஒன்றை எடுத்து விரித்தார். பாதி வழவழப்பு. பிடியருகே இரண்டு சிறுசு, ஒன்று பெருசு. அடுத்ததை விரித்தார். அதற்கடுத்ததை விரித்தார். வண்டிக்காரன் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தான்.

"எதை எடுத்தாலும் அதேதேன், பெரியவரே. ஒரே மிசின்ல அடிக்கிறது, பல்லு மட்டும் எப்பிடி மாறும்? கம்பெனி மாறுனாத்தேன் மாறும்." எந்த ஊர் என்று கேட்டுக்கொண்டு, உங்கள் ஊர்த் திருவிழாவில்கூடப் போன வருடம் ஒரு அட்டை முழுக்க விற்றுத் தீர்ந்தது என்றும் சொன்னான்.

அன்று இடுப்புக் கத்தி தெரியாமல் துண்டு சுற்றியவர்களின் முகம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. அவர்களில் யார் அறுத்தார்கள் என்பது பல்லைப் பார்த்தால் தெரியாது. தெரியவே தெரியாது. ஒரு கத்தியை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து, ஏஞ்சலிடம் நடந்ததைச் சொன்னார். அவள் அவ்வளவு மாதத்துக்குப் பிறகு வாயைத் திறந்தாள்.

"என்கிட்ட எதுக்குச் சொல்றீக? அன்னைக்கு ஊருக்கு முன்னாலதான சொன்னீக. அங்கன போயிச் சொல்லுங்க."

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கூட்டம் கலையுமுன் கோவில் வாசலில் நின்று சொன்னார். டீக்கடைக்குப் போய் அழகுமலையிடமும் மற்றவர்களிடமும் சொன்னார். கத்தியை விரித்துக் காட்டினார். தான் சொன்னது தப்பு என்றார். எல்லாரும் மரியாதையாகக் கேட்டார்கள். துண்டு சுற்றியவர்கள் மற்றவர்களைவிட மரியாதையாகக் கேட்டார்கள். அவர்கள் இடுப்பில் இப்போது கத்தியே இல்லை. அழகுமலைதான் பதில் சொன்னார்.

"அண்ணே, பல்லு விசயத்துல நீங்க தப்புச் சொல்ல மாட்டீகன்னு ஊருக்கே தெரியும். மகளுக்காக வந்து பேசுறீக. பெத்த மனசு. போங்க, போயி ஆகுறதப் பாருங்க."

இத்தனை வருடம் பாடம் நடத்தியது வீண்போகவில்லை. மனிதர் அன்றைக்குச் சொன்ன தப்பை ஊர் அவரைவிட உறுதியாக நம்பியது.

அடுத்த நாள் கடமலைக்குண்டு போனார். தங்கை உள்ளே இருந்தாள், வெளியே வரவில்லை. அமல்ராஜ் நடையில் உட்கார்ந்திருந்தான். ஞானதுரை தள்ளுவண்டியில் வாங்கிய கத்தியை நீட்டினார். அவன் பழைய கத்தியை ஜாமீனில் விட்டபோதும் போலீஸ் தரவில்லை, அது சாட்சிப் பொருள். அமல்ராஜ் வாங்கிக் கட்டைவிரலால் விரிக்கப் பார்த்தான். வரவில்லை. இடது கையில் பிடித்து வாயால் கடித்து இழுத்தான். விரிந்தது. பல்லைப் பார்த்தான்.

"கோர்ட்டுல வந்து சொல்லுவீகளா மாமா?"

சொல்வேன் என்றார் ஞானதுரை. ஊர் நம்பவில்லை என்பதையும் சொன்னார்.

"நம்பலன்னாலும் சொல்லுங்க," என்றான் அமல்ராஜ். கத்தியை முழங்காலில் வைத்து அழுத்தி மடக்கினான். கோர்ட்டில் காட்ட அதை வாங்கிக்கொள்ள ஞானதுரை கை நீட்டினார். அவன் கையில் கொடுக்கவில்லை. இருவருக்கும் நடுவே தரையில் வைத்தான்.

கொஞ்ச நேரம் அது அங்கேயே கிடந்தது. பிறகு ஞானதுரை குனிந்து எடுத்துக்கொண்டார்.