வால் பக்கம் நின்றவள்

லோஹேகாவ் விமானத் தளத்தின் பக்கம் எதையும் பறக்கவிட முடியாது. அதனால் சாகண் ஊரைத் தாண்டி ஒரு மொட்டைக் குன்றுக்குத்தான் என் கணவர் தன் கிளைடரை, இன்ஜின் இல்லாத அந்த மாதிரி விமானத்தை, கொண்டுபோவார். ரிமோட் அவர் கையில் இருக்கும். காற்றை எதிர்த்து வீசிவிடுவது என் வேலை. இறக்கை மட்டுமே இரண்டு ஆள் நீளம். அன்று கீழே சாலையில் வண்டிகள் ஓயவே இல்லை. தப்பாகத் திரும்பினால் அங்கேதான் போய் விழும்.

இறக்கைகளை மாட்டி ஒயர்களைச் செருகியவர், கிளைடரின் மூக்குக்கு எதிரே நின்றபடி ரிமோட்டின் குச்சியை வலப்பக்கம் தள்ளினார். அவருடைய வலக்கைப் பக்கம் இருந்த இறக்கையின் பின்னோர மடல் உயர்ந்தது.

"சரியா இருக்கு, வீசு."

வால் பக்கம் பிடித்திருந்த எனக்கு அது இடது மடல். வலப்பக்கம் திரும்ப வலது மடல்தான் உயர வேண்டும்.

"ஏங்க, ஒயரை மாத்திச் செருகிட்டீங்க."

"காத்து போயிடும், வீசு!"

"இந்தப் பக்கம் வந்து நின்னு பாத்தாத்தான் வீசுவேன்."

வந்து பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. கார் தொழிற்சாலையில் அடுத்தவர் வேலையில் பிழை கண்டுபிடிப்பதுதான் இவருக்கு உத்தியோகம். ஒயர்களை மாற்றினார்.

வீசினேன். அது சாலையை விட்டு விலகி, மேலேறி வட்டமடித்தது.

"பறக்குது, பாத்தியா!"

"முதல்ல இறக்குங்க. அப்புறம் பேசலாம்."