மேற்படி தேநீர்

விதி தெளிவானது. உணவு மாதிரி எடுக்கும் அலுவலர் அதை நான்கு பாகமாகப் பிரித்து, முத்திரையிட்டு, ஒரு பாகத்தை ஆய்வாளருக்கு அனுப்ப வேண்டும். மாதிரி கைக்கு வந்த பதினான்கு நாட்களுக்குள் ஆய்வாளர் அறிக்கை தர வேண்டும். முடியாவிட்டால் ஏன் முடியவில்லை, எப்போது முடியும் என்று எழுதித் தெரிவிக்க வேண்டும். ‘வசதிப்பட்டால்’ என்ற சொல் அதில் எங்கும் இல்லை. இரண்டு தடவை படித்துப் பார்த்துவிட்டேன்.

ஆவடியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலை ஒன்றின் ரசாயன ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். குவார்ட்டர்ஸைக் காலி செய்தபின் கோவில்பதாகையில் வீடு கட்டிக்கொண்டேன். வேலையில் இருந்த காலத்தில் உலோகம், எண்ணெய், பெயின்ட் என்று எது வந்தாலும் சோதித்து, ஏற்கலாம் அல்லது ஏற்கக்கூடாது என்று எழுதிக் கையெழுத்துப் போடுவேன். கையெழுத்து போய்விட்டது, பழக்கம் போகவில்லை. தெருவில் யாருக்கு மனு எழுத வேண்டுமென்றாலும் என்னிடம்தான் வருவார்கள். தெருவிளக்கு, குப்பை வண்டி, நாய்த்தொல்லை மூன்றுக்கும் தனித்தனி மாதிரிப் படிவங்கள் வைத்திருக்கிறேன்.

எங்கள் தெரு முனையில் ஒரு டீக்கடை. நடத்துகிறவர் ஐம்பது வயதுப் பெண்மணி. அவருடைய பெற்றோர் கோவில்பதாகை ஏரிக்குக் கீழே இருந்த நிலங்களில் கூலிக்கு நாற்று நட்டவர்கள். நிலமெல்லாம் மனையானபோது கணவர் அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டுக்கு வேலைக்குப் போனார், இவர் டீக்கடை போட்டார். காலை நடைப்பயிற்சி முடித்து வரும் ஓய்வூதியர் கூட்டம் முழுக்க அங்கேதான் நிற்கும். நானும் நிற்பேன், ஆனால் குடிக்க மாட்டேன். எனக்கு வீட்டில் காபி. இதை இங்கேயே சொல்லிவிடுவது நல்லது, பின்னால் வேண்டியிருக்கும்.

மாசி மாதத்தில் டீ கறுக்கத் தொடங்கியது. பால் விட்ட டீக்கு ஒரு நிறம் இருக்கிறதல்லவா, அது போய், சாம்பலைக் கரைத்தது போல ஒரு நிறம் வந்தது. பால் விடாத கட்டன் சாயா கேட்டவர்களுக்கு மை கிடைத்தது. கூட்டத்தில் ஒருவர் சாயத்தூள் என்றார். மற்றொருவர் அதை உறுதிப்படுத்தினார். மூன்றாமவர் அம்பத்தூரில் இப்படித்தான் ஒரு கடையில் பிடித்தார்கள் என்றார். நான்காம் நாள், என்னோடு முப்பது வருடம் அதே தொழிற்சாலையில் வேலை பார்த்த திருநெல்வேலிக்காரர், மனு வேண்டும் என்று என் வீட்டுக்கு வந்தார். எழுதிக் கொடுத்தேன். நல்ல மனு. ‘மேற்படி கடையில் விற்கப்படும் மேற்படி தேநீரில் அனுமதிக்கப்படாத நிறமி கலக்கப்படுவதாக வலுவான சந்தேகம் எழுவதால்’ என்று தொடங்கி, மூன்று பத்தி. அவரும் இன்னும் ஆறு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். நான் போடவில்லை. வரைவு எழுதுகிறவர் கையெழுத்துப் போடுவது மரபில்லை.

நம் பழைய தர்க்கக்காரர்கள் அறிவுக்கு வழி மூன்று என்று வைத்தார்கள். காட்சி, கருதல், உரை. கண்ணால் காண்பது, கண்டதை வைத்து ஊகிப்பது, நம்பத் தகுந்தவர் சொல்வது. மூன்றுக்கும் சேர்த்து அளவை என்று பெயர். அளக்கிற கருவி என்றும் கொள்ளலாம். மலையில் புகை தெரிந்தால் நெருப்பு உண்டு என்பது கருதலுக்கு அவர்கள் கொடுக்கும் உதாரணம். அதற்குப் பக்கத்திலேயே எச்சரிக்கையும் வைத்தார்கள்: தூரத்தில் தெரிவது பனியாகவும் இருக்கலாம், முதலில் அது புகைதானா என்று பார். மார்கழியில் எங்கள் ஏரிக்கரையில் நடப்பவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. முப்பது வருடம் ஆய்வுக்கூடத்தில் இருந்த நான், ஒரு வாய் டீ குடித்துப் பார்க்காமல், ஏழு பேருடைய உரையை மட்டும் வைத்து வலுவான சந்தேகம் எழுப்பியிருந்தேன்.

பங்குனியில் அலுவலர் வந்தார். கண்ணியமான இளைஞர். மனுவைக் கடை வாசலிலேயே உரக்கப் படித்துக் காட்டினார், தேயிலைத் தூளை நான்கு பொட்டலமாகக் கட்டி அரக்கு வைத்தார், கையெழுத்து வாங்கினார். எல்லாம் விதிப்படி. போகும்போது ஒன்று சொன்னார். கடையின் பதிவுச் சான்று ஆடி கடைசியோடு முடிகிறது, ஆய்வறிக்கை வராமல் புதுப்பிக்க முடியாது, சான்று இல்லாமல் கடை நடத்தக்கூடாது. அதுவும் விதிப்படிதான்.

அன்று மாலை அந்தப் பக்கம் போனேன். கடையில் ஆள் இல்லை. எல்லோரும் அடுத்த தெரு பேக்கரிக்கு மாறியிருந்தார்கள். வாழ்க்கையில் முதல் தடவையாக அங்கே ஒரு டீ வாங்கிக் குடித்தேன். நாக்கில் ஆணியைத் தொட்ட சுவை. எனக்கு அந்தச் சுவை தெரியும். மாசியில்தான் தெருத் தண்ணீருக்குப் புது போர்வெல் போட்டிருந்தார்கள், பழையதைவிட ஆழமாக. பக்கத்தில் பிளாஸ்டிக் குடத்தில் பிடித்து வைத்த தண்ணீரின் அடியில் செம்மண் நிறத்தில் ஒரு படிவு. தண்ணீரில் இரும்பு. இரும்பும் தேயிலையின் துவர்ப்பும் சேர்ந்தால் மை. முற்காலத்தில் கடுக்காயையும் இரும்பையும் சேர்த்துத்தான் எழுதும் மை காய்ச்சினார்கள். எங்கள் வீட்டில் தண்ணீரைச் சுத்திகரிக்கும் ஆர்.ஓ. இருந்ததால் எனக்கு இது எட்டவில்லை. திருநெல்வேலிக்காரரின் வெள்ளை வேட்டிகள் இரண்டு மாதமாக மஞ்சளாகிக்கொண்டிருந்தன. அவர் சோப்புத் தூள் கம்பெனிக்கு எதிராக ஒரு மனு கேட்டிருந்தார்.

அறிக்கை வரட்டும் என்று காத்திருக்கலாம். ஆனால் பதினான்கு நாள் போய், இருபத்தெட்டும் போயிற்று. அதனால் சோதனையை நானே கடை பெஞ்சில் வைத்துச் செய்து காட்டி, கூட்டத்தைத் திருப்பிக் கொண்டுவருவது என்று முடிவு செய்தேன். ஊற்றுத் தண்ணீரில் இரும்பு உண்டா என்று பார்க்க, ரசாயனம் என்ற படிப்பே உருவாகாத காலத்தில், மேல்நாட்டு வைத்தியர்கள் கடுக்காய் போலத் துவர்க்கும் ஒரு காயைத்தான் போட்டுப் பார்த்தார்கள். உலகம் நான்கு பூதங்களால் ஆனது என்று நம்பிக்கொண்டே இதைச் செய்தார்கள். கொள்கை தப்பு, சோதனை சரி. அந்தக் காலத்து ஆட்களிடம் எனக்குப் பிடித்ததே அதுதான். பொருள் எரிந்தால் அதிலிருந்து ஏதோ ஒன்று வெளியேறுகிறது என்று நூறு வருடம் நம்பினார்கள். எரிந்தபின் உலோகத்தின் எடை ஏறுவது தராசில் தெரிந்தபோதும், வெளியேறியதன் எடை பூஜ்யத்துக்கும் கீழே இருந்திருக்கும் என்று சமாதானம் சொன்னார்கள். தராசை நம்புவதா, பெரியவர்களை நம்புவதா என்ற சண்டை நெடுநாள் நடந்தது. கடைசியில் தராசு வென்றது. அலுவலகங்களில் அந்தச் செய்தி இன்னும் வந்து சேரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை கூட்டத்தைக் கூட்டினேன். இரண்டு கண்ணாடி டம்ளர். ஒன்றில் போர் தண்ணீர், ஒன்றில் கேன் தண்ணீர். நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய கடுக்காயை வீட்டில் இடித்துப் பொட்டலமாக எடுத்துப் போயிருந்தேன். போர் தண்ணீர் கறுக்கும், கேன் தண்ணீர் கறுக்காது என்று முன்கூட்டியே அறிவித்தேன். இரண்டிலும் ஒரு சிட்டிகை போட்டேன். போர் தண்ணீர் கறுத்தது. நான் கூட்டத்தைப் பார்த்தேன். கூட்டம் டம்ளரைப் பார்த்தது. சற்று நேரத்தில் கேன் தண்ணீரும் கறுத்தது.

“என்ன வேய், கேன்காரனும் சாயத்தூள் போடுதானோ?” என்றார் திருநெல்வேலிக்காரர். எல்லோரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே பேக்கரிக்குப் போனார்கள்.

நான் டம்ளர்களைப் பார்த்தபடி நின்றேன். கடைக்காரம்மா அடுப்பிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

“சார், கடுக்காய எதுல இடிச்சீங்கோ?”

பரணில் கிடந்த இரும்பு உரலில். துருவைப் பார்த்துவிட்டுக் கழுவி, ஈரத்தோடு இடித்திருந்தேன். இரும்பைத் தேடப் போனவன் இரும்பைக் கையோடு கொண்டுபோயிருக்கிறேன். எங்கள் ஆய்வுக்கூடத்தில் புதிதாகச் சேர்ந்த ஒருவர் இப்படிச் செய்திருந்தால் அவருக்கு நான் மெமோ கொடுத்திருப்பேன்.

கடைக்காரம்மா சிரிக்கவில்லை. பெஞ்சுக்கு அடியிலிருந்து ஒரு கேனை இழுத்தார். நெமிலிச்சேரியில் இருக்கும் அவருடைய தங்கை வீட்டுக் கிணற்றுத் தண்ணீர், ரயிலில் கொண்டுவந்தது. டீ கறுத்த முதல் வாரமே இதை அவர் செய்து பார்த்துவிட்டாராம். அதே தூள், அதே பால், அதே எவர்சில்வர் பாத்திரம், தண்ணீர் மட்டும் வேறு. எனக்கும் போட்டுக் கொடுத்தார். டீ நிறத்தில் டீ.

“ஒண்ண மட்டுந்தான் மாத்தணும் சார். ரெண்டு மாத்துனா எது பண்ணிச்சுன்னு இன்னா தெரியும்? ஸ்டவ் மக்கர் பண்ணா நாங்க அப்டித்தான பாக்கறது. மொதல்ல திரிய மாத்து, எரியலயா, அப்பால எண்ணெய பாரு.”

இந்த ஒரு வரியைக் கண்டுபிடிக்கத் தத்துவவாதிகளுக்கு ஏறக்குறைய இரண்டாயிரம் வருடம் ஆயிற்று. அவருக்கு ஒரு மண்ணெண்ணெய் ஸ்டவ் போதுமாக இருந்திருக்கிறது.

இது தெரிந்தும் ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று கேட்டேன். சொன்னாராம். தண்ணீர்தான் காரணம் என்று சொன்னதற்கு, மாட்டிக்கொண்டவர்கள் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள் என்று நடைப்பயிற்சிக் கூட்டம் பதில் சொன்னதாம். அந்தக் கூட்டத்தில் நானும் நின்றிருக்க வேண்டும். நினைவில்லை.

பிறகு என்னைப் பார்த்து, குரலை உயர்த்தாமல் சொன்னார்: “மனு நீங்க எழுதுனதுதான? ஆபீசர் படிச்சப்பவே புரிஞ்சிச்சு. நாலு வாட்டி மேற்படி வந்துச்சு. இந்தத் தெருவுல மேற்படின்னு வேற யார் எழுதுவா?”

மறுக்க வழியில்லை. தெருவிளக்கு மனுவிலும் மேற்படி உண்டு. நாய் மனுவில் மேற்படி நாய்கள். ஒரு சொல்லை முப்பது வருடம் கைவிடாமல் எழுதினால் அது கைரேகை ஆகிவிடுகிறது. ஆமாம், நான்தான் எழுதினேன், டீயைக் குடித்துப் பார்க்காமல் எழுதினேன், தப்பு என்றேன். அலுவலக வாழ்க்கையில் நான் எழுத்தால் வருத்தம் தெரிவித்திருக்கிறேன், வாயால் தெரிவித்தது குறைவு.

“தப்புன்னு வாயால சொல்லி எனக்கு இன்னா ஆவப்போவுது? எழுதுன கையாலயே எழுதுங்கோ. மேற்படி போடாம எழுதுங்கோ.”

எழுதினேன். என் வாழ்நாளில் நான் எழுதியவற்றில் மிகச் சிறிய கடிதம் அதுதான். ‘அந்த மனுவை எழுதியவன் நான். கடைக்காரர் தேநீரில் எதையும் கலக்கவில்லை. எங்கள் தெருத் தண்ணீரில் இரும்பு இருக்கிறது. தண்ணீரையும் சோதியுங்கள். அறிக்கையை விரைந்து அனுப்புங்கள், அவருடைய சான்று ஆடியோடு முடிகிறது.’ கீழே இந்த முறை கையெழுத்துப் போட்டேன். பதிவுத் தபாலில், ஒப்புதல் அட்டையுடன் அனுப்பினேன். இதெல்லாம் சித்திரையில்.

வைகாசியில் நினைவூட்டல். ஆனியில் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு. அதற்கு, கோப்பு உரிய பிரிவுக்கு அனுப்பப்பட்டுள்ளது என்று பதில். உரிய பிரிவு எது என்று ஒரு மேல்முறையீடு. இடையில் நேரிலும் இரண்டு முறை போனேன். எந்த மேசைக்கு எந்த நேரத்தில் போக வேண்டும் என்பது எனக்குத் தெரியும். மேசைகள் இருந்தன. ஆய்வறிக்கை கேட்டு வந்த முதல் ஆள் நான்தான் என்று ஓர் ஊழியர் வியந்தார்.

அந்த மாதங்களை நான் குறை சொல்ல மாட்டேன். தினமும் காலையில் கடைக்குப் போனேன். கடைக்காரம்மா வாரத்துக்கு மூன்று நாள் நெமிலிச்சேரியிலிருந்து ரயிலில் கேன் கொண்டுவந்தார். முடியாத நாட்களில் எலுமிச்சை டீ மட்டும் போட்டார். எலுமிச்சை பிழிந்தால் அந்தக் கறுப்பு கலைந்துவிடுகிறது, இதுவும் அவர் கண்டதுதான். ஏன் என்று கேட்டார். புளிப்பு, மையைப் பிரித்துவிடுகிறது என்றேன். மொத்தத்தில் என் படிப்பு அந்தக் கடைக்குப் பயன்பட்டது அந்த ஒரு வாக்கியத்துக்குத்தான். பேக்கரியில் டீ ஆறிப்போய் வருகிறது என்று முதலில் திரும்பி வந்தவர் திருநெல்வேலிக்காரர். அவர் மஞ்சள் வேட்டியைப் பார்த்துக் கடைக்காரம்மா கேட்டார், “அண்ணாத்தே, உங்க வேட்டிக்கும் நான்தான் சாயம் போட்டனா?” அவர் நெடுநேரம் தன் வேட்டியைப் பார்த்தார். காட்சி. பிறகு தண்ணீர்க் குடத்தைப் பார்த்தார். கருதல். மறுநாள் மனுவில் கையெழுத்துப் போட்ட மற்ற ஆறு பேரையும் அழைத்து வந்தார்.

ஆனாலும் சான்று சான்றுதான். ஆடி பிறந்தது. கடைக்காரம்மா பாய்லரை விற்றால் யார் வாங்குவார்கள் என்று ஒருநாள் பொதுவாகக் கேட்டார். நான் விதியை மறுபடி எடுத்துப் படித்தேன். பதினான்கு நாள் என்றுதான் இருந்தது.

பிறகு தபால்காரர் கடைக்கு ஒரு பழுப்பு உறையையும் என் வீட்டுக்கு அதன் நகலையும் கொண்டுவந்தார். நகலை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். கடைக்காரம்மா தன் உறையைப் பிரிக்காமல் டீத்தூள் டப்பாவின் மேல் வைத்துக்கொண்டு காத்திருந்தார், சார் வந்து படிக்கட்டும் என்று. படித்தேன். மேற்படி தேயிலைத் தூளில் அனுமதிக்கப்படாத நிறமி எதுவும் கண்டறியப்படவில்லை, மேற்படி கடையின் பதிவுச் சான்றைப் புதுப்பிக்கத் தடையில்லை, தண்ணீர் தொடர்பான மேற்படி கோரிக்கை இவ்வலுவலக வரம்பில் இல்லை. நாலாவது மேற்படி வருகிறதா என்று அவர் விரலை மடக்கி எண்ணிக்கொண்டிருந்தார். வந்தது, கடைசியில், நாள் போட்டிருந்த இடத்துக்கு மேலே. காகிதத்தில் இருந்த நாள் அதற்கு இரண்டு வாரம் முந்தியது. அது எங்கள் தெருவுக்கு வந்து சேர்ந்த நாள் ஆடி பதினெட்டு.