எக்ஸ்சேஞ்ச் பின்னறையில் தைத்த போர்வைகள்

போன வாரம் சிம் கார்டு மாற்ற ஒரு கடைக்குப் போயிருந்தேன். கவுண்டரில் இருந்த பெண் ஹெட்போனை மாட்டிக்கொண்டு யாரிடமோ பேசிக்கொண்டிருந்தாள். அதன் பட்டை அவள் வைத்திருந்த மல்லிகையை நசுக்கிக்கொண்டிருந்தது. "பூவக் கழட்டி வச்சுட்டு மாட்டும்மா" என்று என்னையறியாமல் சொல்லிவிட்டேன். அவள் ஒரு மாதிரி பார்த்தாள். நானும் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆப்பரேட்டராக இருந்தவள்தான் என்று சொல்லியிருக்கலாம். அப்படியென்றால் என்ன என்று கேட்டிருப்பாள். எனக்குப் பின்னால் ஆட்கள் நின்றார்கள்.

திண்டுக்கல் எக்ஸ்சேஞ்சில் நாங்கள் பூவோடு உட்கார்ந்ததே இல்லை. டியூட்டிக்குப் போகுமுன் பின்னறைச் சுவரில் இருந்த ஆணிகளில் ஆளுக்கொரு சரமாகத் தொங்கவிடுவோம். மத்தியானம் அந்த அறைக்குள் நுழைந்தால் மல்லிகை, புளிச்சோறு, எண்ணெய் தடவிய தலைமுடி எல்லாம் சேர்ந்து ஒரு மணம் வரும். பக்கத்து ஹாலிலிருந்து "பழனி பேசுங்க, பழனி பேசுங்க" என்ற குரல்கள் தூக்கத்தில் கேட்பதுபோல மெல்லக் கேட்டுக்கொண்டிருக்கும். மதுரை, கரூர், ஒட்டன்சத்திரம் என்று ஊர்கள் எல்லாம் எங்கள் காதுக்குள் வந்துபோகும். அந்த அறையில்தான், டியூட்டி முடிந்தவர்கள் ஏழெட்டுப் பேர் பாய் விரித்துப் போர்வை தைத்தோம்.

ஆரம்பித்து வைத்தவர் எங்கள் சூப்பர்வைசர் ஆரோக்கியமேரி அக்கா. அவருடைய தங்கை பெரிய ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டு நர்ஸ். உடுத்திய சேலையைத் தவிர வேறு துணியில்லாமல் பிரசவத்துக்கு வருகிற பெண்களைப் பற்றி அந்தத் தங்கை ஒருநாள் அக்காவிடம் சொல்லியிருக்கிறார். சிறுமலைக் காற்று சில்லென்று இறங்கும் மார்கழி மாதம் அது. மறுநாளே அக்கா தன் பழைய சேலைகளை ஒரு பையில் திணித்துக்கொண்டு வந்துவிட்டார். எங்களையும் கொண்டுவரச் சொன்னார். சின்னாளப்பட்டிச் சுங்குடிகள், தையல்கடைகளில் மிஞ்சிய துண்டுகள் எல்லாம் வந்து சேர்ந்தன. அவற்றைச் சதுரமாக வெட்டிச் சேர்த்து, அடியில் நைந்த வேட்டியைக் கொடுத்து, குறுக்கும் நெடுக்கும் நூல் ஓட்டினால் பிள்ளைப் போர்வை தயார்.

என் தையலைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல ஒன்றுமில்லை. "ஏ புள்ள, தையல் போடுறியா, தாடிக்கொம்புக்கு ரோடு போடுறியா?" என்பார் அக்கா. எல்லாவற்றையும் சந்தேகத்தோடு பார்க்கும் பாண்டியம்மாள் அதை வாங்கிப் பிரித்து, முணுமுணுத்துக்கொண்டே மறுபடி தைப்பாள்.

துணி வெட்டுவது சரஸ்வதியின் வேலை. தொப்பம்பட்டிப் பக்கத்துப் பெண். எல்லாருக்கும் 'ங்க' போட்டுத்தான் பேசுவாள். கல்யாணமாகிக் கொஞ்ச காலத்திலேயே, வேலையை விட மாட்டேன் என்றதற்காகப் புருஷன் வீட்டார் அவளை அம்மா வீட்டில் கொண்டுவந்து விட்டுவிட்டார்கள். இன்று கூப்பிடுவார்கள், நாளை கூப்பிடுவார்கள் என்று அம்மா காத்திருந்தார். சரஸ்வதி காத்திருந்தாளா என்பது எங்களுக்குத் தெரியாது. அவளாகச் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

ஒருநாள் அவள் ஒரு பொட்டலத்தைப் பாயில் வைத்துப் பிரித்தாள். குப்பென்று பாச்சை உருண்டை வாசம். உள்ளே அரக்கு நிறத்தில் சரிகை போட்ட பட்டுச்சேலை.

"இதையும் வெட்டிரலாமுங்க்கா."

அக்கா ஊசியைக் கீழே வைத்தார். "ஏத்தா, இது ஓன் கல்யாணச் சேலையில்ல? இதுல யாராச்சும் கத்திரி வைப்பாகளா?"

"பொட்டியில கெடந்து யாருக்குங்க பிரயோஜனம்?"

"பட்டு பிள்ள ஒடம்ப உறுத்தும்" என்றாள் பாண்டியம்மாள்.

"மேலதானுங்க பட்டு. கொழந்தை மேல வேட்டிதானுங்க படும்."

யாரும் கத்திரிக்கோலைத் தொடவில்லை. "வீட்டுக்குக் கொண்டு போ. நல்லா யோசி. அப்பவும் தோணுச்சுன்னா கொண்டா" என்றார் அக்கா. அடுத்த வாரம் பொட்டலம் திரும்பி வந்தது. அக்கா நகர்ந்து இடம் கொடுத்தார். சரஸ்வதி சேலையை நீள விரித்து, முந்தியிலிருந்து வெட்டத் தொடங்கினாள். சரிகை மேல் கத்திரி ஓடும்போது நறநறவென்று ஒரு சத்தம் வந்தது. அவள் கண் கலங்கவில்லை. நான்தான் ஹாலுக்கு ஓடிப்போய், டியூட்டி இல்லாத நேரத்தில் லைன் போடும் போர்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

அந்த மாதம் தைத்த போர்வை ஒவ்வொன்றின் நடுவிலும் ஓர் அரக்குச் சதுரம் இருந்தது. வார்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தோம்.

சில நாளில் சரஸ்வதியின் அம்மா ஒரு தூக்குவாளி நிறையப் பலகாரத்தோடு எக்ஸ்சேஞ்சுக்கே வந்துவிட்டார். முகமெல்லாம் சிரிப்பு.

"கூட்டிக்கறோம்னு சொல்லியுட்டுட்டாங்க கண்ணு. வேலைய எழுதிக் குடுத்துட்டு, வெள்ளிக்கெழம அந்தக் கூறைச்சேலையக் கட்டிட்டு வரோணுமாம்."

பாண்டியம்மாள் தலை குனிந்துகொண்டாள்.

"சேலை இல்லீங்கம்மா" என்றாள் சரஸ்வதி.

"எங்க போச்சு?"

"ஆஸ்பத்திரில கொழந்தைங்க போத்தித் தூங்குதுங்க."

அம்மா அப்படியே பாயில் உட்கார்ந்துவிட்டார். திட்டுவார், அழுவார் என்று நாங்கள் நினைத்தோம். "எனக்குக் காட்டு" என்றார்.

நானும் கூடப் போனேன். வெயில் தாழ்ந்த நேரம். வார்டின் நீள ஜன்னல்கள் வழியாக மஞ்சள் வெளிச்சம் கட்டில்கள் மேல் விழுந்திருந்தது. தாய்மார்களில் பாதிப்பேர் உறக்கத்தில் இருந்தார்கள். அங்கங்கே ஒரு கட்டிலில், மூச்சுக்கு மூச்சு மெல்ல ஏறி இறங்கியது ஓர் அரக்குச் சதுரம். அம்மா ஒவ்வொரு கட்டிலாகப் போய் நின்றார். கடைசிக் கட்டிலில் ஒரு குழந்தை சரிகையை விரலால் பற்றிக்கொண்டு தூங்கியது. அந்த விரலைத் தொட்டுப் பார்த்துவிட்டு மகளிடம் கேட்டார்:

"உனக்கு அங்க போக இஷ்டமில்ல, அப்படித்தானே சாமி?"

"ஆமாங்கம்மா."

"முன்னாலயே சொல்லியிருக்கலாமல்லோ."

"கேக்கலீங்களே."

அவ்வளவுதான். அந்த வெள்ளிக்கிழமை சரஸ்வதி வழக்கம்போல டியூட்டிக்கு வந்தாள். அடுத்த மாதம் அவள் அம்மா மறுபடி வந்தார், தோளில் ஒரு மூட்டையோடு. ஊரில் வீடு வீடாகக் கேட்டு வாங்கிய பழைய சேலைகள். "எனக்கும் ஒரு ஊசி குடுங்க" என்று பாயில் உட்கார்ந்தவர், பிறகு திண்டுக்கல் வரும்போதெல்லாம் எங்களோடு தைத்தார். என் தையலைப் பிரித்துத் தைக்க இரண்டாவதாக ஓர் ஆள் கிடைத்தது.

அப்புறம் தானாகவே லைன் போடும் மிஷின்கள் வந்தன. போர்டுகளைக் கழற்றி லாரியில் ஏற்றினார்கள். எங்களை ஆளுக்கொரு ஊருக்கு மாற்றினார்கள். போர்வை தைப்பதை நிறுத்துகிறோம் என்று யாரும் சொல்லவில்லை. ஒரு மாதம் தைக்காமல் போனது, அதற்கடுத்த மாதமும். ஆரோக்கியமேரி அக்கா இப்போது இல்லை. பாண்டியம்மாள் மகனோடு வெளியூரில் இருக்கிறாள். பழனியில் இருக்கும் சரஸ்வதியோடு எப்போதாவது பேசுவேன். சேலையில் ஒரு துண்டாவது எடுத்து வைத்தாயா என்று ஒருமுறை கேட்டேன். "எதுக்குங்க?" என்று சிரித்தாள்.

இப்போது வார்டில் பழைய துணி வாங்குவதில்லை. பிறந்த பிள்ளைக்கு ஆகாது என்கிறார்கள், நியாயம்தான். நைந்த சேலைகள் என் அலமாரியில் மடித்தபடி கிடக்கின்றன. அந்த நாளில், சம்பளம் வாங்கிய கையோடு ஜவுளிக்கடைக்கு ஒன்றாகப் போவோம். புதுச்சேலையைப் பிரித்து, கன்னத்தில் வைத்துப் பார்த்து, "நைஞ்சா பிள்ளைக்குப் போத்த நல்லாருக்கும்டி" என்று சொல்லித்தான் எடுப்போம்.