மார்சிலிங் வளைவில் ஒரு கை

மார்சிலிங் வளைவில், எதிரே வந்த பேருந்தின் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு கை உயர்ந்தது. நான் சிங்கப்பூரில் பேருந்து ஓட்ட வந்து அன்று ஒன்பதாவது நாள். காலையில் நிறுத்தத்தைத் தாண்டிப்போய் நிறுத்தி, வண்டி முழுக்கக் கேட்கும்படி ஒரு பயணியிடம் திட்டு வாங்கியிருந்தேன். வேலை முடிந்ததும் ராஜினாமாக் கடிதம் கொடுப்பதாக முடிவு. அந்தக் கையைப் பார்த்ததும் நானும் கையைத் தூக்கினேன். கடிதம் கொடுக்கவில்லை. அதன்பின் ஏழு வருடம் அதே வளைவு, மாலை ஐந்தரை மணி, அதே கை. கைக்கு உரியவர் எங்கள் நிலையத்தின் மூத்த ஓட்டுநர், எல்லாருக்கும் அக்கா. கேண்டீனில் நான் தட்டோடு உட்காரும்போது அவர் வண்டி கிளம்பியிருக்கும். ஆகவே எங்கள் நட்பு முழுவதும் கண்ணாடி வழியாகத்தான், விநாடிக் கணக்கில்.

போன மாதம் அக்கா ஓய்வு பெற்றார். அந்தக் கையை என் கையிலேயே வைத்துக்கொள்ள வேண்டும் என்று நாற்பத்தாறு வயதில் எனக்குப் பச்சை குத்திக்கொள்ளும் ஆசை வந்தது. ரத்தப் பரிசோதனைக்கே கண்ணை இறுக மூடிக்கொள்ளும் வீரன் நான். சிராங்கூன் சாலையை ஒட்டிய சந்தில் ஒரு மாடிக் கடை. ஐம்பது காசு நாணய அளவில், உயர்த்திய கை ஒன்று போதும் என்றேன். பச்சை குத்தும் இளைஞர் முதலில் வரைந்தது தேர்தல் சின்னம் மாதிரி இருந்தது. இரண்டாவது, கைரேகை ஜோசியரின் விளம்பரப் பலகை. மூன்றாவதைப் பார்த்தால் எவரும் வண்டியை நிறுத்திவிடுவார்கள்.

"அண்ணே, விரல் சேர்ந்திருக்குமா, விரிஞ்சிருக்குமா? அதைச் சொல்லுங்க லா."

ஏழு வருடம் பார்த்த கை. தெரியவில்லை. என் மண்டையில் நானே குட்டிக்கொள்ளலாம் போல எரிச்சல். நண்பர் ஒருவரிடம் எண் வாங்கி, அங்கிருந்தே அக்காவை அழைத்தேன். பச்சை குத்தும் விஷயத்தை மறைத்து, "அக்கா, அந்த வளைவுல எனக்குக் கை காட்டுவீங்களே, எப்படிக் காட்டுவீங்க?" என்று கேட்டேன்.

"கையா? நான் எங்க தம்பி காட்டினேன்? அங்க வெயில் நேரா கண்ணுல குத்தும். கையால மறைச்சுக்குவேன். எதிர்ல எந்த வண்டி வருதுன்னே தெரியாது லா." சிரித்தார். "ஏன், நீ பதிலுக்குக் காட்டுவியா?"

"சேச்சே, சும்மா கேட்டேன்."

இளைஞர் பென்சிலோடு காத்திருந்தார். நானோ மனதுக்குள் ஒரு மழை நாளைத் தேடிக்கொண்டிருந்தேன். வெயிலே இல்லாத ஒரு மாலையில் அந்தக் கை உயர்ந்திருந்தால் போதும், அது எனக்கானதுதான். சிங்கப்பூரில் மழைக்கா பஞ்சம்? வைப்பர் அடித்த சத்தம் ஞாபகம் வருகிறது, பேருந்து வாசலில் சொட்டிய குடைகள்கூட வருகின்றன. கை வரவில்லை. "இன்னொரு நாள் வரேன் தம்பி" என்று படியிறங்கிவிட்டேன்.

இப்போதெல்லாம் அந்த வளைவில் மழை பெய்தால், எதிரே வரும் ஒவ்வொரு ஓட்டுநருக்கும் கையைத் தூக்குகிறேன். சந்தேகத்துக்கே இடம் வைக்காமல், ஐந்து விரலையும் விரித்து. பெரும்பாலானவர்கள் கவனிப்பதில்லை. நேற்று மட்டும் ஒருவர், முன்னால் ஏதோ விபத்து என்று நினைத்து வேகத்தைக் குறைத்தார்.