மூன்று பெண் ஆமைகளும் சின்னவளும்

ஏழு வயதில் மூளைக்காய்ச்சலை ஜெயித்தாள் சின்னவள். "இவ தேறமாட்டா" என்று கைவிரித்த ஆஸ்பத்திரியிலிருந்து தன் காலால் நடந்து வந்தாள். பள்ளிக்கூடம் அதோடு போயிற்று. முப்பத்தொரு வயதில், படித்தவர்கள் அறுபது பேர் வரிசையில் நின்ற ஆமைப் பண்ணையில் வேலையை ஜெயித்தாள். கடிக்க வந்த ஆமையைப் பதறாமல் தூக்கியது அவள் ஒருத்திதான்.

அந்த ஆற்று ஆமை இனத்தில் உலகத்துக்கே மிச்சம் பதினொன்று. அதில் பெண் மூன்று, மூன்றும் சின்னவளின் தொட்டியில். பதினான்கு வருடமாகத் தண்ணீர் மாற்றி, ஒவ்வொன்றையும் எடை நிறுத்து, இடுப்பொடிந்து வீடு திரும்புவாள். இட்ட முட்டை ஒன்றுகூடப் பொரிக்கவில்லை.

"உனக்கு அலுக்கலையாடி?" என்பாள் கூடவே வசிக்கும் அக்கா.

"அலுத்துத்தான் கிடக்கு. அதுங்களுக்கு மட்டும் அலுக்காதா?"

அந்தக் குளிர்காலத்தில் தொட்டியின் ஹீட்டர் பழுதாயிற்று. சின்னவள் சூப்பர்வைசரிடம் மூன்று தடவை சொன்னாள். மூன்று தடவையும் "பாக்கலாம்மா" என்றார். பெரிய ஆமை இரையெடுப்பதை நிறுத்தியது. பன்னிரண்டாம் நாள் காலை செத்து மிதந்தது.

சூப்பர்வைசர் காகிதத்தையும் மைப்பெட்டியையும் நீட்டினார். "கட்டைவிரலை வைம்மா. மேலிடத்துக்கு அனுப்பணும்."

எப்போதும் பேசாமல் வைக்கிறவள் அன்று, "என்ன எழுதியிருக்கீங்க சார், படிங்க" என்றாள்.

"வயசாகிச் செத்துப்போச்சுன்னுதான். வேற என்னத்த எழுத?"

வயசு என்று எழுதிப் போனால் ஹீட்டர் வராது. மிச்சம் இரண்டும் அதே குளிர்ந்த தண்ணீரில் கிடந்தன.

"குளிர்ல செத்துச்சுன்னு எழுதுங்க. நான் மூணு தடவ சொன்னதையும் எழுதுங்க."

"என் பொழப்புல மண்ணைப் போடப் பாக்கிறியா?"

சின்னவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். அன்று பகல் முழுக்க வாளி வாளியாக வெந்நீர் சுமந்து ஊற்றினாள்.

சாயங்காலம் அவள் சொல்லச் சொல்ல அக்கா மனு எழுதினாள். ஆமைகளின் நாலு மாத எடையும் பண்ணை நோட்டைப் பார்க்காமலே சின்னவள் வாயிலிருந்து வந்தது.

"கைநாட்டு வெச்சா, விவரம் தெரியாதவன்னு தள்ளிடுவாங்க" என்றாள் அக்கா. "கையெழுத்துப் போடு."

"கோழி கிளறின மாதிரி இருக்கும்க்கா."

"கிளறு. யாரு கேக்கிறா?"

பெயரை எழுதிப் பழகியதில் ஒன்பது பழைய காலண்டர் தாள்கள் வீணாயின. மறுநாள் மனுவை அவளே மேலதிகாரியிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். ஐந்தாம் நாள் புது ஹீட்டர் வந்தது. இரண்டும் பிழைத்தன, முட்டை இன்னும் பொரிக்கவில்லை. மனுவின் அடியில் சற்றே சாய்ந்து அவள் பெயர் இருக்கிறது. பக்கத்தில் தேதி: பிப்ரவரி 17, செவ்வாய்க்கிழமை.